மாப்பிள்ளை காருக்குப் புது இன்ஜின்

இன்ஜின் தரையில் கிடந்தது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

"இவ்வளவு சின்னதாண்ணே?" என்றான் அருள்முருகன்.

"கழட்டிப் போட்டா எல்லாம் சின்னதாத்தான் தெரியும், தம்பி," என்றார் பெத்தன். மானகிரியில் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். "யோசிச்சுச் சொல்லுங்க. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இதையே திருப்பி மாட்டிரலாம்."

"வேணாம். புதுசை மாட்டுங்க."

அருள்முருகன் காரைக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் ஆய்வக உதவியாளன். அவனுடைய முதல் கார் இது. அவனைவிட இரண்டு வயது மூத்த அம்பாசடர். நாற்பதில் போகும். நாற்பத்தைந்தில் கதவு நடுங்கும். ஐம்பதை முள் தொட்டதே இல்லை. நான்கு வருடமாக அவனுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. நிச்சயம் முடிந்திருந்ததால், பெண்ணைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போய்வர அனுமதி கிடைத்தது. முன்சீட்டில் ஸ்வேதா. துணைக்குப் பின்சீட்டில் அவளுடைய சித்தப்பா மகள் மீனு. வழியில் டவுன் பஸ் முந்தியது. அது ஓர் ஊரில் நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு, மறுபடி முந்தியது. பால்கேன் கட்டிய மொபெட் ஒன்று பக்கத்திலேயே வந்தது. ஓட்டியவர் குனிந்து கேட்டார்.

"வண்டில எதும் கோளாறாண்ணே? தள்ளணுமா?"

ஸ்வேதா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து அக்கா சண்முகப்ரியாவிடம் சொன்னான்.

"எப்படிச் சிரிச்சா? பல்லுத் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"போச்சு," என்றாள் அக்கா. "மாப்பிள்ளை அழைப்பும் அதே கார்லதானா?"

"சொந்தக் கார்லதான் வரணும்னு பொண்ணு வீட்டு மாமா சொல்லிட்டாக."

"அப்ப முந்தின நாளே கெளம்பிரு."

தினமும் ஸ்வேதாவுடன் போனில் பேசினான். அவள் எல்லாம் பேசினாள், காரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாகரிகமாகத் தவிர்க்கிறாள் என்று அவனுக்குப் பட்டது. தன் பெண்டாட்டி தன் காரில் ஏற வெட்கப்படக் கூடாது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பெத்தன் கொண்டுவந்தது இதே காரின் பிந்திய மாடலில் வந்த ஜப்பான் இன்ஜின். நான்கு நாளில் மாட்டிவிட்டார். அருள்முருகன் ஓட்டிப் பார்த்தான். சத்தம் விமானம்போல் இருந்தது. வேகம் ஐம்பத்தைந்து.

"என்னண்ணே இது?"

"இன்ஜின் கத்துது. சக்கரத்துக்குச் சேதி போகல," என்றார் பெத்தன். "பின்னாடி அச்சுல உருண்டையா ஒரு இரும்புக் கூடு இருக்கு பாருங்க. அதுக்குள்ள ரெண்டு பல்சக்கரம். இன்ஜின்லேருந்து வர்ற ஷாஃப்ட் நாலரை சுத்துச் சுத்துனா சக்கரம் ஒரு சுத்து. அது கெழவன் கணக்கு. குமரனுக்கு அதை மாத்தணும்."

அருள்முருகன் ஆய்வகக் கரும்பலகையில் கணக்குப் போட்டான். வேகம் நூற்று இருபது வந்தது. மாணவர்கள் பாடம் என்று நினைத்து எழுதிக்கொண்டார்கள்.

பல்சக்கரம் லேசில் கிடைக்கவில்லை. ஒரு வாரம் அலைந்துவிட்டுப் பெத்தன் கூப்பிட்டார்.

"தனியாக் கெடைக்கல தம்பி. ஒரு பழைய வேனோட முழு அச்சையே தூக்கியாந்துட்டேன். ஷாஃப்ட் மட்டும் நேரா வரல. அச்சைக் குப்புறப் போட்டேன். கச்சிதமா உக்காந்துருச்சு."

அருள்முருகன் ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டான். கார் பின்னால் போனது. பதறி இரண்டாவதைப் போட்டான். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டதும் மெல்ல முன்னால் ஊர்ந்தது. அச்சைக் குப்புறப் போட்டதில் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றியது. இப்போது முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நான்கு.

அந்த நேரம் பார்த்துக் கண்டனூரிலிருந்து வருங்கால மாமனார் காசிவிஸ்வநாதன் பைக்கில் வந்து இறங்கினார். மரவேலை காண்ட்ராக்டர். எதையும் மட்டம் வைத்துப் பார்க்கிறவர். மரியாதைக்குப் பக்கத்தில் போய் நிறுத்தலாம் என்று அருள்முருகன் பழக்கதோஷத்தில் முதல் கியரைப் போட்டான். கார் அவரைவிட்டு விலகி ஓடியது.

"என்ன மாப்ள, நான் வாரேன், நீங்க போறீக?"

"பிரேக் பாக்குறோம்ங்க," என்றார் பெத்தன்.

"பின்னாடி போயா?"

"பின் பிரேக்குங்க."

மாமனார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தரையில் கிடந்த பழைய இன்ஜினைக் காலால் லேசாகத் தொட்டார்.

"நல்லாத்தானே ஓடுச்சு?"

"சும்மா ஒரு சர்வீஸ், மாமா."

அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் இந்தக் கார் வெட்கம்தான் என்று அருள்முருகன் முடிவு செய்தான்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் கோயம்புத்தூரிலிருந்து சரியான பல்சக்கரம் வந்தது. வேன் அச்சைக் கழற்றிவிட்டு மாட்டிய காரின் சொந்த அச்சுக்குள்ளேயே நேராகப் பொருந்தியது. திருச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். முள் நூற்றைந்தைத் தொட்டது. திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸை முந்தினான். ஓரமாக நிறுத்திக் காத்திருந்து, மறுபடி முந்தினான்.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் கண்டனூரில் மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் முக்கால் கிலோமீட்டர். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், அதற்குப் பின்னால் தட்டேந்திய பெண்கள், பெண்களுக்குப் பின்னால் கார். கார் ஆள் நடக்கிற வேகத்தில் போக வேண்டும்.

இதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. புதுப் பல்சக்கரத்தில் காரின் ஆகக் குறைந்த வேகம், ஆள் ஓடுகிற வேகம்.

பெத்தன் ஓட்டினார். மாலையோடு அருள்முருகன் பின்சீட்டில். கார் ஒரு குதி குதித்தது. பெண்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். தவில்காரர் ஓரமாகத் தாவினார்.

"மெதுவாப் போங்கண்ணே!"

"இதான் மெதுவு, தம்பி. இதுக்குக் கீழ போனா நின்னுரும்."

நின்றது. கிளப்பினார். குதித்தது. நாதஸ்வரக்காரர் வேகமாக நடந்துகொண்டே வாசித்தார். பிறகு ஓடிக்கொண்டே வாசித்தார். பிறகு ஓட மட்டும் செய்தார். காருக்கு அடியிலிருந்து புகை வந்தது. சாம்பிராணி என்று நினைத்து ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கிளட்ச் கருகுது," என்றார் பெத்தன். "இனி தாங்காது. ஒரே அழுத்தா மண்டபத்துக்கே போயிருவோம்."

"வேணாம்ணே..."

போய்விட்டார்கள்.

"யோவ், மாப்பிள்ளைய எங்கய்யா கொண்டுபோறீக?" என்று தவில்காரர் கத்தினார். அக்கா தட்டோடு ஓடிவந்தாள்.

"டேய் அருளு! இன்னைக்குத்தானாடா ஒனக்கு வேகம் வரணும்?"

மண்டபத்து வாசலில் ஆரத்தி கரைத்திருக்கவில்லை. மாப்பிள்ளை வந்து இறங்கிக் கால் மணி நேரம் கழித்து, மாப்பிள்ளை அழைப்பு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. அருள்முருகன் அண்ணாந்து பார்த்தான். மாடி ஜன்னலில் ஸ்வேதா நின்றாள். புகையும் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்கவில்லை. அவனுக்கு அது போதும்.

மறுநாள் உள்ளே தாலி கட்டும்போது, பெத்தன் மண்டபத்துக்குப் பின்னால் காருக்கு அடியில் படுத்துப் புதுக் கிளட்ச் மாட்டிக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் கேட்டதும் படுத்தபடியே அட்சதையைக் கதவில் எறிந்ததாகப் பிறகு சொன்னார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து காரைக்குடிக்குக் கிளம்பினார்கள். அருள்முருகன் தானே ஓட்டினான். பக்கத்தில் ஸ்வேதா. மணப்பெண்ணுக்குத் துணையாகப் பின்சீட்டில் மீனு. ஊர் எல்லை தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. இதற்காகத்தான் பதினெட்டு நாள்.

அறுபது. ஸ்வேதா கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சு காருக்கு?" என்றாள்.

"புது இன்ஜின். பின்னாடி பல்சக்கரம்கூடப் புதுசு. ஒனக்காகத்தான் மாத்துனேன்."

"எனக்காகவா?"

எண்பது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பூரிப்பு என்று நினைத்தான்.

"இன்னும் போகும், பாரு."

தொண்ணூறு. அவள் அவன் தோளைத் தட்டினாள். இன்னொரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். ஓரம் கட்டி நிறுத்தினான். பட்டுச்சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பாலத்தடிக்கு ஓடினாள். கல்யாணச் சாப்பாடு முழுவதும் வெளியே வந்தது. அவன் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஓடினான்.

"அலைச்சல்," என்றான். "ரெண்டு நாளாத் தூக்கமில்லைல்ல."

மீனு ஸ்வேதாவின் முதுகைத் தடவிவிட்டபடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புதுக் கார் வச்சிருந்த நாலு மாப்பிள்ளைகளை வாந்திக்குப் பயந்து வேணாம்னவ, நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு ஒங்க காரை ஒரு சைக்கிள் முந்துனதைப் பாத்துட்டுத்தானே அத்தான், இந்த மாப்பிள்ளையே போதும்னா!"