ஏழாம் பாத்திக்கு ஊற்றிய தண்ணீர்

பரங்கிப்பேட்டைக்குப் பக்கம்,
1966 ஆவணி, புதன்கிழமை.

அன்பு மிகுந்த சௌந்தரம் அக்காவுக்கு, தங்கை விருத்தாம்பாள் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பசுவும் நலம். காட்டுமன்னார்கோயிலில் நீயும் மாமாவும் ஏரித் தண்ணீர் குடித்துச் சௌக்கியமாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் போன மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை.

அக்கா, முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நாற்றின் நுனிதான். சுண்ணாம்பில் தோய்த்ததுபோல நுனி மட்டும் வெளுத்துக் காய்ந்திருந்தது. புயலில் கடல் ஏறிப் பாழான நம் கீழண்டைக் கொல்லையில், சிதம்பரத்திலிருந்து யூனிவர்சிட்டிக்காரர்கள் வந்து பன்னிரண்டு பாத்தி கட்டி, பாத்திக்கு ஒரு ரக நெல் நட்டு, நம்பர் போட்ட தகரப் பலகை குத்தியிருக்கிறார்கள். உப்பில் எது பிழைக்கிறது என்று பார்க்கிறார்களாம். ஒவ்வொரு பாத்தியும் இரண்டு பாய் விரிக்கும் அளவுதான். ஆடும் குருவியும் வராமல் பார்த்துக்கொள்ள என்னை உட்கார வைத்தார்கள். ஆட்களைக் கண்டால் கதவுக்குப் பின்னால் போகிறவள் நான். அங்கே கதவும் இல்லை, ஆட்களும் இல்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை என் குரலை நான் கேட்பது குருவியை விரட்டும்போதுதான். அதையும் 'உஸ்' என்று மெதுவாகத்தான் விரட்டுவேன்.

ஏழாம் பாத்தி நான் உட்காரும் பூவரச மரத்தடியை ஒட்டி இருக்கிறது. நுனி வெளுத்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. குடிக்கக் கொண்டுபோன குடத்தில் மிஞ்சிய நல்ல தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் அதற்கென்றே ஒரு குடம். பிறகு காலையில் நான்கு, மாலையில் நான்கு. கோயில் கிணற்றுக்கும் கொல்லைக்கும் நடந்ததில், என்னை நம்பியும் ஒன்று இருப்பதுபோல இருந்தது. உப்பனாற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் படக்கூடாது என்று யூனிவர்சிட்டி சார் அப்பாவிடம் சொல்லியிருந்தாராம். அப்பா என்னிடம் சொன்னது "பாத்துக்க" என்ற ஒரே சொல். நானும் பார்த்துக்கொண்டேன்.

சார் பெயர் தட்சிணாமூர்த்தி. வாரம் ஒருமுறை வருவார். நம்மை "ஏம்மா" என்பவர், செடிகளை "என்னய்யா, எப்படி இருக்கீங்க?" என்று விசாரிப்பார். ஒருநாள் மூன்றாம் பாத்தியை விசாரிக்கும்போது முழங்காலளவு சேற்றில் விழுந்தார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிவிட்டுத்தான் எழுந்தார். போன வாரம் வந்தபோது மற்ற பாத்தியெல்லாம் வைக்கோல், ஏழு மட்டும் கிளிப்பச்சை. "ஏம்மா, இது மட்டும் எப்படிம்மா?" என்றார். நான் "ம்" என்றேன். "நெழலா இருக்குமோ?" "ம்." "இல்ல, ரகமே அப்படியோ?" "ம்." கடைசி 'ம்'மை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இன்று சார் ஜீப்பில் நாலு பேரைக் கூட்டிவந்தார். ஏழாம் பாத்தியைப் போட்டோ பிடித்தார்கள். அவர்கள் போனதும் அப்பா சிரித்தார், அக்கா. அம்மா போனபிறகு இன்றுதான் பார்க்கிறேன். "ரெண்டு ஏக்கருக்கும் இந்த வெதையே தரேன்னுட்டாரு சாரு!" என்று தெருவுக்கே சொன்னார். குப்பத்துத் தங்கராசு மாமா விடுவாரா? "அப்பறம் என்னா மச்சான், அடுத்த போகம் கடலுக்குள்ளயே நட்டுடு. வலைய போட்டு அறுத்துக்கலாம்!" என்றார். "நீ போயி ஒன் கட்டுமரத்த பாருய்யா. எங்கூட்டுக் குதுர்ல கெடக்குற பழைய வெதைய சனிக்கெழம அவிச்சி சோறாக்கிடப் போறோம். இனிமே அது எதுக்கு? விருத்தா, அண்டாவத் தேய்ச்சி வையி" என்றார் அப்பா. அதற்கும் நான் "ம்" என்றேன்.

அந்தப் பழைய நெல் உப்பிலும் கால்வாசியாவது விளையும். அதை அவித்துவிட்டு இதை நட்டால் தை மாசம் நமக்குச் சோறு கிடையாது. இரண்டு ஏக்கருக்கு எத்தனை குடம் சுமப்பேன் என்று பெருக்கிப் பார்த்தேன். நான் படித்த ஆறாம் வகுப்புக் கணக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. சொல்லிவிட்டாலோ பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்பா மறுபடி வாயை மூடிக்கொள்வார். நானும் பசுவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நாளை காலை சார் கடைசி முறையாக வருகிறார். அவரைப் பார்த்தால் எனக்கு 'ம்' தவிர வேறு எழுத்து வராது. நீ பஸ் ஏறி வந்து சொல்லேன். வர முடியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுது. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. ஒருவருக்கும் தெரியக்கூடாது, முக்கியமாக சாருக்கு.

மாமாவுக்கு என் வணக்கம். உன் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சித்தியின் முத்தம். பிள்ளை உண்டாகியிருக்கிற விஷயம் தங்கராசு மாமா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் விருத்தா.

பின்குறிப்பு, வியாழன் காலை: சார், வணக்கம். மேலே அக்கா என்று இருக்கும் இடத்திலெல்லாம் சார் என்று படித்துக்கொள்ளவும். அக்காவின் பதில் சனிக்கிழமைக்குள் வராது. நீங்கள் சேற்றில் விழுந்த இடத்தை விட்டுவிடலாம். மற்றதெல்லாம் நிஜம். எங்களுக்கு விதை தர வேண்டாம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவரே அண்டாவை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். இன்று காலை ஏழாம் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.