ஹக்கா மொழிக் காவலரும் பத்தாவது பிள்ளையும்

உலகில் எத்தனையோ ரகக் காவலர்கள் உண்டு. வயலைக் காப்பவர், வங்கியைக் காப்பவர், கோயில் உண்டியலைக் காப்பவர். காக்கிற பொருள் காணாமல் போனால் இவர்கள் எல்லோருக்கும் வேலை போய்விடும். மொழிக் காவலருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. மொழி தேயத் தேய அவருக்குப் பதவி உயர்வு!

தைவானில், ஹக்கா மொழி பேசும் எங்கள் மியாவ்லி மலைப்பக்கத்தில் இந்த ரகம் நன்றாக விளையும். ஒரே ஒரு உருப்படியைக் காட்டுகிறேன்: திருவாளர் ஃபான் ஜென்-ஹுவெய்.

இருபது வருடத்துக்கு முன்பு சாலை, தொழிற்சாலை என்று மாண்டரின் சீனத்தில் முழங்கித் தேர்தலில் நின்று மண்ணைக் கவ்வினார். கவ்வியது ஹக்கா மண் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்த தேர்தலுக்கு ஹக்காக்காரர்களின் நீல மேற்சட்டை, கழுத்தில் சிவப்புப் பூப்போட்ட துணி, வாயில் ஹக்கா. எவ்வளவு ஹக்கா? மூன்று வாக்கியம்.

“எல்லாரும் சாப்டாச்சா? நானும் ஹக்கா வீட்டுப் புள்ளதான்! நம்ம பேச்ச நாம மறக்கலாமா?”

நான்காவது வாக்கியம் முதல் மாண்டரின்தான். ஜெயித்துவிட்டார். பிறகு பண்பாட்டுக் குழுத் தலைவர், மலைப்பாட்டுப் போட்டிக்கு நிரந்தர நடுவர், மே மாதம் மலையெல்லாம் வெள்ளையாகத் துங் பூ உதிரும்போது பூவிழாவுக்குத் தலைவர் என்று ஏறிக்கொண்டே போனார். விழாவில் ‘ஹக்கா பாரம்பரியத் தேநீர்’ என்று தேயிலை, எள், நிலக்கடலை எல்லாவற்றையும் போட்டு இடிப்பார். கேமரா அணைந்ததும் இடிகட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காபி கேட்பார். எங்கள் தெருவில் யாரும் வீட்டில் தேநீர் இடித்ததில்லை என்பது வேறு விஷயம். சுற்றுலாக்காரர்கள் வந்து கேட்ட பிறகுதான் நாங்களே கற்றுக்கொண்டோம்.

சுங் சூ-மெய் என்று ஓர் ஆசிரியை. ஊர்ப் பள்ளியில் பதினாறு வருடமாக ஹக்கா வகுப்பு எடுத்துவந்தவர். போன வருடம் ஒன்பது பிள்ளைகள்தான் சேர்ந்தார்கள். பத்துப் பேர் இல்லாவிட்டால் வகுப்பை மூடிவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவர் வகுப்பில் சேர்வதற்கான விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நேரே பூவிழா மேடைக்கே போனார்.

“தலைவரே, ஒரு புள்ளதான் கொறையுது. உங்க பேத்தி நம்ம பள்ளிக்கூடத்துலதானே மூணாவது படிக்குறா? ஒரு கையெழுத்துப் போடுங்க.”

கையெழுத்துக்குத் தயங்குகிற ஆளா ஃபான்? பேனாவைத் திறந்துவிட்டார். அப்புறம்தான் தாளைப் படித்தார்.

“அந்த நேரத்துல அவளுக்கு இங்கிலீஷ் இருக்கே டீச்சர். மருமக ஒத்துக்க மாட்டா. அதுவுமில்லாம, ஹக்காதான் நாங்க வீட்டுலயே பேசறோமே!”

“வீட்டுல யாரு பேசறது?”

“ஏன், நான் பேசறேன்ல!”

“மைக் குடுத்தாத்தான் பேசுவாரு,” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி.

மேடையே சிரித்தது. சூ-மெய் சிரிக்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த மாதம் வகுப்பை மூடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஃபான் சும்மா இருப்பாரா? அந்த வகுப்பறையையே ‘ஹக்கா மொழி நினைவரங்கம்’ ஆக்கினார். ஒன்பது குட்டி நாற்காலிகளைச் சுற்றிக் கயிறு; கரும்பலகையில் சூ-மெய் கடைசியாக எழுதிய பாடத்துக்குமேல் கண்ணாடி. திறப்பு விழாவில் மூன்று வாக்கியத்தையும் சொல்லிவிட்டு அழுதார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். சூ-மெய்க்குப் பாராட்டுப் பலகை கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டே அவர் கேட்டார்:

“ஒம்போதுதான் இருக்கு. பத்தாவது எங்க தலைவரே?”

ஃபான் உடனே உதவியாளரைப் பார்த்தார். “என்னய்யா வேல பாக்குறீங்க? டீச்சர் கேக்குறாங்கல்ல, இன்னொரு நாற்காலி வாங்கிப் போடுங்க!”

பலத்த கைதட்டல். நானும்தான் தட்டினேன்.

அந்தப் பள்ளியில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஃபானின் பேத்தி ஒருத்திதான். மற்றவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்காதீர்கள். என் மகளுக்கு அந்த நேரத்தில் நீச்சல் இருந்தது. நீச்சல் உடம்புக்கு நல்லது.

நீங்கள் ஏன் நெளிகிறீர்கள்? நீங்கள்தான் மேடை ஏறுகிறவர் இல்லையே. ஒன்று மட்டும் செய்யுங்கள். உள்ளே இருக்கும் உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அவசரமில்லை. எழுத்துக்கூட்டியே வாசிக்கட்டும்.