கறுப்பு மையில் ஒரு மயிலைக் காளை

கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. மற்றவர்கள் எல்லாம் சும்மா பட்டனை அமுக்குகிறார்கள், நாம் மட்டும்தான் கலை செய்கிறோம் என்று ஒரு நினைப்பு. எனக்கும் அது நிறையவே இருந்தது. (எடுத்ததென்னவோ பெரும்பாலும் எங்கள் துடியலூர் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த துணிகளைத்தான்.) அந்தத் திமிர் இறங்கிய இடம், காங்கயம் பக்கம் நடந்த ஒரு மாட்டுக் கண்காட்சி.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமனார் அந்தப் பக்கத்து விவசாயி. அவரிடம் ராசு என்றொரு மயிலைக் காளை. வெண்சாம்பல் உடம்பு, கழுத்திலும் திமிலிலும் மட்டும் மழை மேகம்போல் கறுத்திருக்கும். சுற்றுவட்டாரத்தில் பசு வைத்திருப்பவர்கள் இனச்சேர்க்கைக்கு அவனைத்தான் தேடி வருவார்கள். கண்காட்சி மண்டபத்தில் மாட்டுவதற்குக் காளைகளின் படம் கேட்டிருந்தார்கள்.

"டவுன் ஸ்டுடியோவுல குடுத்துப்போடலாமுங்க மாப்ள" என்றார் மாமனார்.

"எதுக்குங்க மாமா? நானே படம் எடுத்துப் பிரிண்ட் போட்டுத் தர்றனுங்க. மயிலைக்குக் கறுப்பு வெள்ளைதானுங்க எடுப்பு!"

என் இங்க்ஜெட் பிரிண்டர் முதலில் எல்லா மையையும் கலந்து சாம்பல் நிறம் காட்டப் பார்த்தது. ராசு பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி பச்சையாக வந்தான். உடனே 'கறுப்பு மை மட்டும்' என்று மாற்றினேன். கௌரவமாக இருக்கட்டுமென்று பளபளப்புத் தாளையும் போட்டேன். பச்சை போயிற்று. ஆனால் கறுப்பை மட்டும் வைத்து வெளிர் சாம்பலைக் காட்ட, பிரிண்டர் புள்ளிகளைத் தள்ளித் தள்ளித்தான் வைத்தாக வேண்டும். அந்த வழுவழுத் தாளோ மையைக் குடிக்கவே இல்லை. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, குட்டிக் குட்டிக் கொப்புளங்களாகத் திரண்டு நின்றன.

என் மனைவி கீர்த்தனா குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, விலாவுல என்னமோ பொரிப்பொரியா இருக்குதுங்களே?"

"அதெல்லாம் நெழலோட டோனு கண்ணு. தள்ளி நின்னு பாக்கோணும்."

(எவ்வளவு தள்ளி என்று அவள் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்திருந்தால் சரியாகத்தான் இருந்திருக்கும்.)

கண்காட்சியன்று எங்கள் படத்தின் முன்னால்தான் கூட்டம். நான் காலரைச் சரிசெய்துகொண்டு நெருங்கினேன். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கட்டி கட்டியா இருக்குது பாருங்க. தோல் கழலை நோயேதானுங்க."

அந்த வருடம் அந்த நோய் பல பட்டிகளில் புகுந்து மாடுகளைப் படுக்க வைத்திருந்தது. மாட்டுக்கு மாடு ஒட்டிக்கொள்ளும். பெயர் கெட்டுப்போனால் ராசுவிடம் இனி எவரும் பசுவைக் கொண்டுவர மாட்டார்கள். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. ராசு வேனைவிட்டு இன்னும் இறங்கவில்லை. விழாக் குழுக்காரர் மாமனாரிடம் கைகூப்பி நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க. டாக்டர் வந்து பாக்கற வரைக்கும் காளைய எறக்க வேண்டாமுங்க."

"அது பிரிண்டர் கோளாறுங்க! மை திரண்டு போச்சுங்க!" என்று கத்தினேன்.

"எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லத்தானுங்க செய்வாங்க" என்றார் அவர், மிக மரியாதையாக.

பக்கத்தில் நின்ற மாடுகளை ஆட்கள் தள்ளி ஓட்டிக்கொண்டு போனார்கள். மாமனார் என்னைத் திட்டவில்லை. துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குத் திட்டியே இருக்கலாம். கீர்த்தனா என்னைவிட்டு இரண்டடி விலகி, தன் அப்பா பக்கம் போய் நின்றுகொண்டாள். கல்யாணத்தையே ரத்து செய்துவிடுவார்களோ என்றுகூட நினைத்தேன்.

ஒருவழியாகக் கால்நடை மருத்துவர் வந்தார். வேனில் ஏறினார். கழுத்து, திமில், விலா, வாலடி என்று கையால் தடவிக்கொண்டே போனார். ராசு சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு மருத்துவர் அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொல்லி, விரலால் தேய்த்தார். விரல் கறுப்பானது.

"காளை கல்லாட்டம் இருக்குதுங்க" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "நோவு போட்டோவுக்குத்தானுங்க!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மாமனாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. (தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.) அன்று ராசுவுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் டாக்டரே ஊரறியச் சான்று சொன்ன காளை என்று, போகும்போது நான்கைந்து பேர் மாமனாரிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு மறுபடி அச்சடித்தேன். இம்முறை மையை உறிஞ்சும் பளபளப்பில்லாத தடித்த தாள், பிரிண்டரில் இருப்பதிலேயே நுணுக்கமான தரம். வெளுத்த இடங்களைக் கொஞ்சம் சாம்பலாக்கியதும் புள்ளிகள் நெருங்கி ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. விலாவிலிருந்து திமில் வரை நிழல் வழுக்கிக்கொண்டு ஏறியது. கீர்த்தனா மூக்கு இடிக்குமளவு நெருங்கிப் பார்த்து, "இப்பத்தானுங்க தோல் மாதிரி இருக்குது" என்றாள். அந்தப் படம் இன்றும் மாமனார் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

ஆனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் அந்தக் கொப்புளப் படத்தைப் பற்றித்தான். போன சித்திரையில் என் மகளுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. போனில் தாத்தாவிடம் அழுதாள். மாமனார் பதறவே இல்லை.

"அழுகாத சாமி. டாக்டர்கிட்டப் போறக்கு முன்னாடி, உங்கப்பா உன்னைய பிரிண்ட் கிண்ட் போட்டாரான்னு மொதல்ல கேளு."