வலம் மட்டுமே வந்த கார்

இறைவன் அடியார்களை ஆட்கொள்ளப் பற்பல கருவிகளைக் கையாள்வான் என்று பதிகங்களில் படித்திருக்கிறேன். என்னை ஒரு பழைய சீமைக் காரைக் கொண்டு ஆட்கொண்டான். அகந்தை அடியோடு ஒழிந்தது. (காரும் ஒழிந்தது. அது பிறகு.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நெல்லை டவுனில் பெரிய கோயிலைச் சுற்றியோடும் ரத வீதியில் குடியிருந்தோம். மலைத் தோட்டத்து மேலாளர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்ற கார் அது. ஞாயிறுதோறும் அதற்கு நான் செய்த சேவையில் பாதியைச் சிவபூசைக்குச் செய்திருந்தால் இந்நேரம் முத்தி கிட்டியிருக்கும். குறை ஒன்றே ஒன்று: ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறும். வலப்பக்கம் திருப்பினால் மகா மௌனம்.

மேலப்பாளையத்து மெக்கானிக் காசிம் பாய் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உள்ள வயரு நைஞ்சு போயி இரும்புல உரசுது. இத வெட்டிட்டு வேற வயரு போட்டா சோலி முடிஞ்சுது."

நான் பதறிப்போனேன். பாட்டில் ஓர் எழுத்து மாறினாலும் பாடபேதம் என்று சண்டைக்குப் போகிறவன் நான். சீமையிலிருந்து வந்த மூல வயரை வெட்டி உள்ளூர் வயரைச் செருகுவதா?

"அதே வயரு மெட்ராஸ்ல தேடச் சொல்லிருக்கேன் பாய். கெடைக்கும்."

"கெடைக்கட்டும். அதுவரைக்கும் வலப்பக்கமாவே போங்க" என்று சிரித்தார் பாய். அவர் கேலிக்குச் சொன்னதை நான் விரதமாகவே ஏற்றுக்கொண்டேன். இடப்பக்கத் திருப்பமே இல்லாத வழிகளை வகுத்து ஆறு மாதம் வண்டி ஓட்டினேன்.

அந்நிலையில்தான் என் மாமனார் வந்தார். ஆற்றங்கரைக் கோயிலில் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அவர் உபயமாக அபிஷேகம். இராகு காலத்துக்குமுன் முடிக்க வேண்டும் என்பதால் அர்ச்சகர் காத்திருக்கமாட்டார். உபயதாரர் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். தம் தம்பிக்கு முன்னால் அதைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது மாமனாரின் நெடுநாள் ஆசை.

என் மனைவி காந்திமதி முதல்நாளே தீர்ப்பை வாசித்துவிட்டாள். "எங்கப்பாவ நேரத்துக்குக் கொண்டு சேக்கணும். அந்தக் கத்தலும் அவுக காதுல விழப்படாது. ரெண்டுல எது தப்புனாலும் அடுத்த வெள்ளிக்கு இந்த வண்டி இங்கன நிக்காது. வித்துரணும். சரின்னு சொல்லுங்க."

சொன்னேன். உறுதியோடு சொன்னேன். ரத வீதியின் முதல் மூலையில் நேராக வெளியேறி, அப்பால் இரண்டு முறை வலப்பக்கம் திரும்பினால் ஆற்றங்கரைக் கோயில். பத்தே நிமிடம்.

ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். மாமனார் என் அருகில், காந்திமதி பின்னால். மூலையில் குடிநீர்க் குழாய்க்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

"இந்தா, பலகை போட்டுருதோம் அண்ணாச்சி. ஒரு சுத்து போயிட்டு வாங்க" என்றார் மண்வெட்டிக்காரர்.

வலப்பக்கம் திரும்பினேன். அப்போதுதான் உறைத்தது. ரத வீதியில் பெரிய கோயிலை வலம்வரும்போது வெளியேறும் சந்துகள் யாவும் இடப்பக்கமே இருக்கின்றன! நேராக வெளியேற வழியுள்ள அந்த ஒரு மூலையைவிட்டால் எனக்கு விமோசனமில்லை.

முதல் மூன்று சுற்று மாமனார் கைகூப்பிப் பதிகம் முணுமுணுத்துக்கொண்டு பரவசமாக வந்தார். பலகை வரவில்லை.

"மாப்ளே, மூணு போதும்லா?"

"அஞ்சு விசேசம் மாமா."

ஐந்தாவதும் முடிந்தது.

"ஏழு அதவிட விசேசம் மாமா" என்றேன், அவர் கேட்கும் முன்பே.

டீக்கடை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "ஏலே, ஆறாவது சுத்துல்லா!" என்று ஒருவர் எண்ணினார். என் ஹாரன் சங்கதி தெரிந்த கடைக்காரர் ஓடிவந்து, "அண்ணாச்சி, வண்டியத் திருப்பிக்கிட்டு எதுத்தாப்ல வாரும். சந்து வலப்பக்கம் வந்துரும்லா!" என்று கத்தினார்.

அறிவார்ந்த யோசனை. ஆனால் பெருமானை அப்பிரதட்சிணமாகச் சுற்றுவதா? வயரை மாற்றாதவன் வழிபாட்டையா மாற்றுவேன்? பல்லைக் கடித்துக்கொண்டு வலமே சென்றேன்.

"என்னவாம் அவனுக்கு?" என்றார் மாமனார்.

"நம்மளக் கும்பிடுதாரு மாமா."

ஏழாவது சுற்றின் முடிவில் மணி பத்தாக ஐந்து நிமிடம். காந்திமதி என் காதருகே குனிந்தாள். "ஏங்க, இன்னும் சுத்துனியன்னா நானே எறங்கி வண்டியத் தள்ளி விட்டுருவேன்."

கண்ணை மூடிப் பஞ்சாட்சரம் சொல்லி, அடுத்த சந்தில் இடப்பக்கம் திருப்பினேன்.

அலறியது. மாமனாரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. ஸ்டியரிங்கை நேராக்கினேன், அப்போதும் அலறியது. ஆறு மாதம் அடக்கிவைத்ததையெல்லாம் ஒரேயடியாக அலறியது. பெட்டிக்கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். சைக்கிள்கள் சுவரோரம் சாய்ந்தன. ஊரே வழிவிட்டது, ஆற்றில் குளித்துவிட்டு நடுவழியில் நின்ற ஓர் எருமையைத் தவிர. அது காரைப் பார்த்தது, அசைபோட்டது. அப்படியொரு ஞானநிலையை நான் எந்தத் துறவியிடமும் கண்டதில்லை. இருபது நிமிடம் நகரவில்லை.

அலறிக்கொண்டே கோயில் வாசலை அடைந்தோம். உள்ளேயிருந்து காதைப் பொத்திக்கொண்டு மாமனாரின் தம்பி வந்தார். தலையில் பரிவட்டம்.

"ஒன்னக் காணும்னு எனக்குக் கட்டிட்டாவ அண்ணே. தப்பா நெனைக்காத" என்றார். அதைக் கழற்றவும் இல்லை.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, சாமிய ஏழு சுத்து சுத்துனீரு. புண்ணியம் பூராவும் என் தம்பிக்குல்லா போச்சு!" என்று சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். காந்திமதியும் அதிலேயே ஏறிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளியன்று வாசல் வெறுமையாக இருந்தது. கொடுத்த வாக்கு, மாறவில்லை.

மாமனார் வீட்டில் அந்த ஏழு சுற்று இன்றும் தீரவில்லை. அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் எனக்கு வரும் அழைப்பிதழில் மட்டும் பத்து மணி முகூர்த்தத்தை அடித்துவிட்டு, பேனாவால் எட்டு என்று எழுதியிருப்பார்கள். சூது தெரிந்தும் நான் ஏழரைக்கே போய்விடுகிறேன். மண்டபத்தில் பந்தல்காரர்களும் நானும்தான் இருப்போம். அந்தப் பரிவட்டத் தம்பி மட்டும் தவறாமல் எட்டு மணிக்கு எனக்காகவே வந்து, வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்:

"வாங்க மாப்ளே! எருமை வழிவிட்டுட்டாக்கும்?"