இரண்டு தொப்பி, ஒரே தலை

இரட்டைத் தொப்பிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாராட்டு வந்தால் எந்தத் தொப்பியோடு இருந்தாலும் முந்திக்கொண்டு முன்னால் நிற்பார். பழி வந்தால் அந்தத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அது நானில்லை, அவர்" என்று ஆணியைக் காட்டுவார். எல்லா ஊரிலும் இந்த இனம் பெருகிக் கிடக்கிறது என்றாலும், விக்டோரியா மகாராணி காலத்தில் யார்க்‌ஷயரிலே எங்கள் கிளெக்பி நகரத்தில் வாழ்ந்த செப்டிமஸ் ஓலரன்ஷாவைப் போல ஒரு முழு உருப்படியை நான் கண்டதில்லை. பன்னிரண்டு வருஷம் அவரிடம் கட்டடப் படம் வரைந்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

மனிதர் சிவில் எஞ்சினியர். அவரேதான் கட்டடக் கலைஞரும். அலுவலகத்துக்கு இரண்டு கதவு, இரண்டு பித்தளைப் பலகை. வலது கதவில் நுழைந்தால் உயரமான கறுப்புத் தொப்பி, கையில் அளவுகோல், உர்ரென்று ஒரு முகம்: எஞ்சினியர். இடது கதவில் நுழைந்தால் வெல்வெட் குல்லா, காதில் பென்சில், எங்கோ மிதக்கும் கண்கள்: கலைஞர். நடுவே ஒரு பச்சைத் திரை. என் மேஜை பாதி திரைக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். சம்பளம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்துதான்.

இருபத்திரண்டு வயதில் ரயில் பாதை போடக் கிளம்பியவர், அறுபதுக்குள் ஏழு பாலம், நாலு தேவாலயம், ஒரு மாட்டுச் சந்தை, ஒரு சிறைச்சாலை என்று மாவட்டத்தையே நிரப்பிவிட்டார். அவர் கட்டிய ரயில் நிலையம் தேவாலயம் மாதிரி இருக்கும். டிக்கெட் வாங்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டார்கள். அவர் கட்டிய தேவாலயம் ரயில் நிலையம் மாதிரி இருக்கும். பாதிரியார் வாயைத் திறந்ததும் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நிலையத்துக் கூரை ஒழுகுகிறது என்று வலது கதவைத் தட்டினால், "வளைவெல்லாம் அழகுக்காக வெச்சது, அடுத்த கதவுல கேளுங்க" என்பார். தேவாலயத்துத் தூண் கண்ணைக் குத்துகிறது என்று இடது கதவைத் தட்டினால், "அது பலத்துக்காக நட்டது, அடுத்த கதவுல கேளுங்க" என்பார்.

இரண்டு பேருக்கும் கடிதப் போக்குவரத்து வேறு! 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி எஞ்சினியர் கலைஞருக்கு எழுதுவார். ஒரு பென்னி தபால்தலை ஒட்டுவார். நான் மழையில் நனைந்துகொண்டே போய்த் தபாலில் போடுவேன். மறுநாள் காலையில் அது இடது கதவு வழியாக வந்து விழும். குல்லாவை மாட்டிக்கொண்டு உடைத்துப் படித்துவிட்டு, முகம் சிவக்க என்னைக் கூப்பிடுவார். "பாத்தியா ஆமோஸ், அந்தாளுக்கு என்ன கொழுப்பு! எனக்கே புத்தி சொல்றான்!" நான் என்ன சொல்ல? ஆமாம் ஐயா என்பேன்.

இப்படியே செத்திருந்தால் நல்லபடியாகச் செத்திருப்பார். நகரசபை தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஒன்று கேட்டதுதான் வினை. தொண்ணூறு அடி உயரத்தில் தொட்டி. அது போதாதென்று தொட்டிக்கு மேல் நாற்பது டன் கல்லில் ஓர் ஊசிக் கூம்பு. கூம்பைச் சுற்றி எட்டுக் கல் சிங்கங்கள். எங்கள் பக்கத்தில் ஆட்டைத் தவிர வேறெதையும் யாரும் கண்டதில்லை, சிங்கம் எதற்கு? கேட்கக்கூடாது.

கோபுரத்தடியில் மிஸஸ் தபித்தா சக்டனின் ரொட்டிக்கடை. கணவர் போன பிறகு அந்த அம்மாளுக்கு மிஞ்சியது அந்தக் கடையும் அதன் அடுப்பும்தான். ஒருநாள் வலது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயா, உங்க கோபுரம் என் கடைமேல சாயுது. போன மாசம் ஜன்னல்லேர்ந்து பாத்தா மூணு சிங்கம் தெரிஞ்சுது. இப்ப அஞ்சு தெரியுது. அடுப்புச் சுவர் வாயைப் பொளந்துடுச்சு."

"நான் கட்டினது தொட்டி வரைக்கும்தாம்மா. அது அசையாது. மேல கூம்பு வெச்சது கலைஞர். அவரைப் போய்ப் பாருங்க."

"அவர் எங்க?"

"அடுத்த கதவு."

அவள் மழையில் இறங்கி நாலடி நடந்து இடது மணியை அடிப்பதற்குள், இவர் திரையைக் கடந்து குல்லாவுக்குள் புகுந்துவிட்டார்.

"வாங்கம்மா! கூம்பைப் பாத்தீங்களா? எப்படி?"

"சாயுதுய்யா!"

"எடை கிடையெல்லாம் எஞ்சினியர் சமாச்சாரம். அந்த மனுஷனுக்குக் கலையுணர்ச்சியே கிடையாது, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

மூன்று முறை சுற்றினாள். நாலாவது முறை அவசரத்தில் இவர் கறுப்புத் தொப்பியின் மேலேயே குல்லாவைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நன்றாகப் பார்த்தாள். "ஏன்யா, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கீங்களா?"

"சேச்சே! அவர் இப்பத்தான் வெளிய போனார்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆமோஸ், படம் வரைஞ்சவன் நீதானே? நீயாவது சொல்லேன்ப்பா."

"நான் வெறும் கோடு போடறவன்மா. எடைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

அவள் நேரே மேயர் ஹோல்ராய்டிடம் போனாள். மேயருக்குக் கம்பளி ஆலை, பெரிய தொந்தி, இரக்க மனசு. ஆனாலும் சட்டம் சட்டம்தான். "எஞ்சினியரும் கலைஞரும் சேந்து சொன்னாத்தான் கல்லைத் தொடலாம்மா. ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லைங்கறாங்களே!" என்று கையை விரித்தார். அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு, கோபுரத்துக்கு ஒரு வயது நிறைகிறதே, கட்டியவருக்குப் பாராட்டு விருந்து வைக்க வேண்டாமா என்று கேட்டாள். சமையல் அவள் பொறுப்பு, இடம் அவள் கடையின் கொல்லை. சாப்பாடு என்றதும் நகரசபை ஏகமனதாக எழுந்து நின்றது.

நல்ல மத்தியான வெயில். நீள மேஜையின் தலைமாட்டில் விருந்தாளிக்கு நாற்காலி. அதற்கு நேர் மேலே சிங்கங்கள். ஓலரன்ஷா வெறும் தலையோடு வந்திருந்தார். பாராட்டு விழாவுக்கு எந்தத் தொப்பி பொருந்தும் என்று முடிவு செய்ய முடியவில்லையாம். மேயர் எழுந்து, "இந்தப் பெருமை எஞ்சினியருக்கா, கலைஞருக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டும் நானேதான்!" என்றார் ஓலரன்ஷா, நெஞ்சை நிமிர்த்தி.

ஒரே கைதட்டல். முதல் கோப்பையை மகாராணி பேரைச் சொல்லி உயர்த்தினோம்: மேஜையைத் தட்டி மூன்று ஹுர்ரே. அந்த அதிர்வில் மேலிருந்து ஓலரன்ஷாவின் சூப்பில் சுண்ணாம்புத் தூள் விழுந்தது. உப்பு என்று நினைத்துக் கலக்கிக் குடித்தார். இரண்டாவது கோப்பை எஞ்சினியருக்கு: தட்டில் ஒரு சிங்கத்தின் காது. அதை நைசாக நாப்கினில் மறைத்தார். மூன்றாவது கோப்பை கலைஞருக்கு. ஹுர்ரே! பிளம் புட்டிங்கில் சொத்தென்று ஒரு சிங்க வால். அவர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு சிங்கம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை ஹுர்ரே போடலாமா?" என்றாள் மிஸஸ் சக்டன்.

நாற்காலி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். "கூம்பைக் கழட்டுங்கய்யா! இன்னிக்கே கழட்டுங்க!" என்று வாசலைப் பார்த்து ஓடினார். வாசலை அடைத்துக்கொண்டு அந்த அம்மாள் நின்றாள்.

"சொல்றது எஞ்சினியரா, கலைஞரா?"

"ரெண்டு பேரும்மா! ரெண்டு பேரும்! வழி விடு!"

"எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். நகரசபைக் குமாஸ்தா மேஜைக்கு அடியிலிருந்து குறிப்பேட்டை உயர்த்திக் காட்டினார்.

ஒரே வாரத்தில் கூம்பு இறங்கியது. கடை பிழைத்தது, அடுப்பும் பிழைத்தது. காதில்லாத சிங்கம் இன்று ரொட்டிக்கடை வாசலில் காவல் இருக்கிறது. ஓலரன்ஷா என்ன ஆனாரா? ஆபத்தைத் தக்க சமயத்தில் கண்டுபிடித்த மதிநுட்பத்துக்காக நகரசபை அவருக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தது. வலது கதவுக்கு ஒன்று, இடது கதவுக்கு ஒன்று.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த விருந்தில், "இவ்வளவு அழகான படத்தை வரைஞ்சது யாரு?" என்று மேயர் கேட்டபோது, வாயில் புட்டிங்கோடு முதலில் கையைத் தூக்கியவன் அடியேன்தான். வெறும் கோடு போடுகிறவன்!

சரி, என்னை விடுங்கள். இதைப் படிக்கப் படிக்க உங்களுக்கு யார் நினைவுக்கு வந்தார்? மேலதிகாரியா? மைத்துனரா? எதிர்வீட்டுக்காரரா? நினைத்தேன். பாருங்கள், நீங்களும் அடுத்த கதவைத்தான் காட்டுகிறீர்கள்.