வெள்ளப் பையும் தானாகப் பூட்டும் கதவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீயும் உன் வீட்டாரும் சுகமென்று நானே வைத்துக்கொள்கிறேன். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான் கடிதம்.

"அத்தான் போயிட்டாரு, இனிமே வெள்ளம் வந்தா தனியா என்னக்கா பண்ணுவே? வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடு" என்றாயே, அதற்குப் பதில் இது. நான் வரவில்லை. எங்கள் தெருவில் தீயணைப்புக்காரர் ஒருவர் வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் வகுப்பு எடுக்கிறார். முதல் வரிசை நான்தான். மூன்றாம் வகுப்போடு நின்றவளுக்கு இப்போதுதான் கேள்வி கேட்கும் ஆசை வந்திருக்கிறது. வடிந்த தண்ணீரெல்லாம் எங்கே போகிறது, எறும்புக்கு மட்டும் மழை எப்படி முன்னாலேயே தெரிகிறது, ஒன்றையும் விடவில்லை. பூமி ஆடினால் மேசைக்கு அடியில் போகச் சொன்னார். "எங்க மேசைக்கு மூணு காலுதாங்க, நாலாவது செங்கல். அந்த மேசைகிட்டேருந்து என்னை யாரு காப்பாத்துவா?" என்றேன். மாடிவீட்டுத் தையல்காரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நீங்க வெள்ளத்தை மட்டும் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டார் அவர்.

வெள்ளத்துக்கு மூன்று நாளைக்கு வேண்டியதைப் பையில் கட்டி வைக்க வேண்டுமாம். எனக்கா தெரியாது? உன் அத்தான் லாரி ஓட்டிய காலமெல்லாம் பை கட்டிய கை இது. ஒரே மூச்சில் கட்டிக்கொண்டு போனேன். தீயணைப்புக்காரர் எல்லார் முன்னாலும் திறந்தார். இரண்டு கால்சட்டை, சவர பிளேடு, மூக்குக்கண்ணாடி, மூட்டுவலித் தைலம். "யாருக்கும்மா இது? உங்களுக்குன்னு ஒரு துணிகூட இல்லையே?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கட்டவில்லை தம்பி, கை கட்டியிருக்கிறது. "தண்ணி வடியற வரைக்கும் சவரம் பண்ணிட்டிருக்கலாம்னு வெச்சேன்" என்றேன். அழ ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாதே.

இப்போது என் துணி, என் மாத்திரை, டார்ச், தண்ணீர் என்று திருத்திக் கட்டிவிட்டேன். மெயினை அணைப்பது, கேஸை மூடுவது, மாடிக்கு ஏறுவது எல்லாம் தூக்கத்தில்கூட வரும். அதனால் என்னை அழைத்துப்போக வராதே. பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
தனியாக இருக்கக் கற்றுக்கொண்ட அக்கா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஒத்திகை விசில் அடித்தார்கள். மெயினை அணைத்தேன், கேஸை மூடினேன், பையையும் கடிதத்தையும் எடுத்துக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு முதல் ஆளாக மாடிக்கு ஏறினேன். கைதட்டினார்கள். இறங்கி வந்தால் கதவு திறக்கவில்லை. சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு என்று உனக்குத் தெரியும். சாவி எப்போதும் உன் அத்தான் சட்டைப் பையில்தான் இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து நான் அதை எடுத்ததே இல்லை, வகுப்புக்குக்கூடக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத்தான் போவேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், சட்டை ஆணியில் தொங்குகிறது. போனும் உள்ளே. உன் நம்பர் அதற்குத்தான் தெரியும், எனக்கு விலாசம்தான் மனப்பாடம். தீயணைப்புக்காரர் "உடைச்சிடவாம்மா?" என்றார். உன் அத்தான் தன் கையால் மாட்டிய பூட்டு, தொடக்கூடாது என்றுவிட்டேன். தையல்காரி வீட்டில் இருக்கிறேன். பை இருக்கிறது, குறையில்லை. இன்னொரு சாவியை நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். எந்த வகுப்புக்கும் போகாமலே உன் அத்தான் அதை என்றைக்கோ உன்னிடம் கொடுத்து வைத்திருக்கிறார். எடுத்துக்கொண்டு உடனே வா.