தொண்டையில் மாட்டிய ‘புட் ஆஃப்’

கூட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருந்தது. ஸ்டோர்கீப்பர் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அந்த பெயிண்ட் கம்பெனியில் முதலாளி போட்ட புது உத்தரவு. திங்கள்தோறும் ஒருவர், தனக்குக் கொடுத்த ஆங்கிலச் சொல்லை எல்லோர் முன்னாலும் இங்கிலீஷிலேயே விளக்க வேண்டும். ஒருவர் பேசி முடித்தால்தான் அடுத்தவர் முறை வரும். பேசாதவருக்கு வேலை நிரந்தரமாகாது. இவர் தலையில் விழுந்தது ‘புட் ஆஃப்’. பார்க்கத்தான் பொடிசு, உள்ளே மூன்று அர்த்தம்: தள்ளிப்போடுவது, பிடிக்காமல் போகச் செய்வது, வேலையில் இருப்பவனின் கவனத்தைக் கலைப்பது.

கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு மேனேஜர் முன் போய் நின்றார்.

“தொண்டை... சார்...”

“ஐயையோ, பேசாதீங்க! அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

அப்பாடா என்று மூச்சுவிட்டார். ஆனால் மேனேஜர் விடவில்லை. தொண்டைக்கு ஓய்வு வேண்டுமென்று வாரம் முழுக்க இவர் வாய் திறக்கவே தடை போட்டுவிட்டார். சிவப்பு பெயிண்ட் டப்பாவைக் கேட்பதற்காக இவர் நாக்கை நீட்டிக் காட்ட, பேக்கிங் பெண் சண்டைக்கே வந்துவிட்டாள்.

அடுத்த திங்கள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேனேஜர் கம்பெனி வேனில் படுக்கவைத்து வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு பேர் தூக்கி வருவதைப் பார்த்து மனைவி போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது.

“எனக்கு ஒண்ணுமில்லடி!”

“அப்புறம் எதுக்குத் தூக்கிட்டு வந்தாங்க?”

கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“தள்ளிப்போடறதைத்தான் நல்லா செஞ்சு காட்டிட்டீங்களே! உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சாப்பாடே இறங்கல. ரெண்டாவது அர்த்தமும் முடிஞ்சுது. போய்ப் பேசிட்டு வாங்க!”

“அது இல்லடி இப்ப பயம். அந்த மனுஷன் யாருக்கும் அரை நாள் லீவு குடுத்ததில்ல. என்கிட்ட மட்டும் ஏன் இத்தனை பரிவு? ஒரேயடியா வீட்டுக்கு அனுப்பப் போறார்.”

அந்த வாரம் முழுக்கக் கண்ணை மூடவில்லை. மூன்று அர்த்தத்தையும் உதாரணத்தோடு உருப்போட்டார். திங்களன்று மஃப்ளர் இல்லாமல், இடுப்பை நிமிர்த்திக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்தார்.

“சார், தொண்டை, இடுப்பு எல்லாம் பொய். பயந்துட்டேன். இன்னிக்குப் பேசிடறேன்.”

மேனேஜரின் முகம் வெளிறிவிட்டது.

“கண்ணெல்லாம் சிவந்திருக்கே! காய்ச்சல்தான். கிளம்புங்க!”

“தூக்கமில்லாததால சார்...”

“எதிர்த்துப் பேசாதீங்க! ஒரு மாசம் லீவு. சம்பளத்தோட!”

ஸ்டோர்கீப்பருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சந்தேகமே இல்லை, வேலை போய்விட்டது. தட்டுத்தடுமாறி வெளியே வந்து ரிசப்ஷன் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“அவ்வளவுதாம்மா. என்னை ஒழிச்சுக் கட்டிட்டார்.”

ரிசப்ஷன் பெண் அறைக்கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“நீங்க வேற சார்! உங்களுக்கு அடுத்துப் பேச வேண்டியவரே அவர்தான்.”